கோகோ பாஸ்தாவும் காட்டுப்பன்றிக் குழம்பும்

சாக்லேட் பாஸ்தா என்றதும் எல்லோரும் நாக்கில் இனிப்பைத் தேடுகிறார்கள், ஐயா. அதில் இனிப்பே கிடையாது. மாவோடு முட்டையும் கசப்புக் கோகோ தூளும் சேர்த்துப் பிசைந்து, நாடா நாடாவாக வெட்டுவோம். எங்கள் மாரெம்மாக் காட்டுப் பக்கம் அதற்குக் காட்டுப்பன்றிக் குழம்புதான் ஜோடி. வேட்டைக் கூட்டம் ஞாயிறு மதியம் எங்கள் உணவகத்துக்குத்தான் வரும். அப்பா போன பிறகு கல்லாவைத் தம்பி நேதோ பார்த்துக்கொண்டான், அடுப்பை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டும் என்று தோன்றவே இல்லை.

லொரேத்தாவை அவன் கட்டிக்கொண்டு வந்தபோது நான் வாய் திறக்கவில்லை. நல்ல பெண்தான், சிரிப்பு மட்டும் கொஞ்சம் அதிகம். என் பாஸ்தாவையே பாலேட்டில் புரட்டி, ராஸ்ப்பெரி போட்டு, ஆரஞ்சுத் தோலைத் துருவி இனிப்பாக்கினாள். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். எங்கள் வேட்டைக்காரர்களே இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். வருத்தம் என்று எழுதுங்கள்.

அந்த ஞாயிறு தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நேதோ உள்ளே வந்தான்.

"அக்கா, இனிமே நீ மாவு மட்டும் தேச்சுக் குடு, போதும். அடுப்ப லொரேத்தா பாத்துக்குவா."

"யாரு சொல்லிக் குடுத்தா? அவளா?"

"ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம். உடனே மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

சொல்லிவிட்டு ஒயின் ஊற்றப் போய்விட்டான். லொரேத்தா என் குழம்புச் சட்டியைத் திறந்து நக்கிப் பார்த்தாள்.

"ரொம்பக் கசக்குதுக்கா. ஒரு கரண்டி சர்க்கரை போட்டுரவா?"

கேட்டாளே தவிர, கரண்டி ஏற்கெனவே சர்க்கரையில் இருந்தது.

மாவு தேய்க்கும் கட்டையை நான் தேடி எடுக்கவில்லை, கையில்தான் இருந்தது. காதுக்கு மேலே ஒரு அடி. ஓட்டோடு வால்நட்டை உடைக்கும்போது வருகிற சத்தம். விழுந்தவள் எழப் பார்த்தாள். எழுந்தால் அடுப்பில் இருப்பதையெல்லாம் தட்டிவிடுவாளே என்று முகத்திலும் தலையிலும் இன்னும் சில அடி அடித்தேன். ஒரு பல் தெறித்து அடுப்புக்கு அடியில் போனது. கட்டையைத் துடைத்துவிட்டுப் பாக்கி மாவைத் தேய்த்தேன். கோகோ மாவில் கறை தெரியாது.

அப்போது அவளுக்கு உயிர் இருந்தது என்கிறார் மருத்துவர். எனக்கே தெரியும். "நேதோவக் கூப்பிடுக்கா" என்றாளே. ஆனால் எல்லோரும் மேசையில் உட்கார்ந்தாயிற்று, பாஸ்தாவையும் தண்ணீரில் போட்டாயிற்று. நீங்களும் இந்த ஊர்க்காரர்தான். பாஸ்தா வெந்துகொண்டிருக்கும்போது எந்த வீட்டில் அடுப்பை விட்டு நகர்வார்கள்? கொஞ்சம் அசந்தால் கூழாகிவிடும். அவள் தலைக்கு அடியில் மாவுச் சாக்கை மடித்து வைத்தேன். ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை நான். வடிக்கும்போது அவள் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கொதிநீர் கொஞ்சம் அவள் கையில் கொட்டிவிட்டது. பிடியை விட்டிருந்தால் கொட்டியிருக்காது.

பரிமாறிய பிறகாவது கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். இனிப்பு பாக்கி இருந்தது. அவள் தொடங்கி வைத்த வேலையை அரைகுறையாக விட எனக்கு மனம் வரவில்லை. பாலேட்டைச் சுண்ட வைத்து, பாஸ்தாவைப் புரட்டி, பழத்தையும் நானே அடுக்கினேன். நேதோ தட்டு வாங்கும் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அவன் நின்ற சுவருக்கு இந்தப் பக்கம்தான் அவள் கிடந்தாள்.

"லொரேத்தா எங்கக்கா?"

"காத்து வாங்கப் போயிருக்கா. ஆறிடப் போகுது, எடுத்துட்டுப் போ."

கூடத்தில் கை தட்டினார்கள். அவள் செய்வதைவிட நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. மனம் நிறைந்துவிட்டது, ஐயா. பொய் சொல்வானேன். திரும்பிப் பார்த்தபோது லொரேத்தாவிடம் மூச்சு இல்லை.

நேதோ இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. கோபமாக இருப்பான், ஆறட்டும். கட்டாயம் வருவான். இப்போது அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?