போன் அணைந்திருந்த சனிக்கிழமை

என் பெயர் ஷீனா. வயது முப்பத்து நான்கு. கணவர் பெயர் பிபின். திருவனந்தபுரம் நேமத்தில் ரயில் நிலையத்தை அடுத்த வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையில் பிறந்து வளர்ந்தவள். முன்பு ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். இப்போது வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மலையாளம் எனக்குத் தடையின்றி வரும் என்றாலும் இன்று இந்தக் காவல் நிலையத்தில் வாய் திறந்தபோது தமிழ் மட்டுமே வந்தது. உதவி ஆய்வாளர் ஆர்ஷா மேடத்துக்குத் தமிழ் தெரியும் என்பதால் நான் சொல்வதை அவரே எழுதிக்கொள்கிறார்.

என் மகள் ராகேல், வயது பதிமூன்று, இன்று காலை வீட்டிலிருந்து தனியாகப் புறப்பட்டாள். இதுவரை திரும்பவில்லை. நீலச் சுடிதார் அணிந்திருந்தாள். கையில் கறுப்புக் குடை இருந்தது. இடது புருவத்தில் தழும்பு உண்டு. அவளிடம் போன் கிடையாது.

மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று மேடம் கேட்டார். பள்ளியில் படிக்கவில்லை, ஆறாம் வகுப்புக்குப் பிறகு வீட்டில் நான்தான் கற்பிக்கிறேன், பத்தாம் வகுப்புத் தேர்வைத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதுவாள் என்று சொன்னேன். “சுகமில்லாத கொச்சா?” என்று, நோயுள்ள பிள்ளையா என்ற பொருளில் கேட்டார். இல்லை என்றேன். பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில், தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்கும் பிள்ளைகள் பதினைந்து வயதிலும் ஒரு பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறத் தெரியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன் என்றும், எந்நேரமும் கண்காணிக்கப்படும் பிள்ளை நல்லதைக் கற்பதில்லை, மறைக்கத்தான் கற்கிறது என்றும், ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்குத் தான் கொஞ்சம் குறைவாகத் தேவைப்படும்படி பார்த்துக்கொள்வதே தாயின் வேலை என்றும் சொன்னேன். இதை முன்பும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இவற்றை எழுத வேண்டுமா என்று மேடம் கேட்டார். எழுதுங்கள் என்றேன். நடந்ததற்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு.

கடந்த ஒரு வருடமாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராகேல் தனியாகப் பயணம் போகிறாள். இடத்தை அவளே தேர்ந்தெடுப்பாள். பேருந்தையும் அவளே விசாரித்து வைப்பாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கக் கூடாது. இருட்டுவதற்கு முன் வீடு திரும்பி, பார்த்ததை அவளே சொல்வாள். இப்படிக் கோவளம், வர்க்கலை, நெடுமங்காடு எல்லாம் போய் வந்திருக்கிறாள். வர்க்கலைக்குப் போன நாளில் ரயிலைத் தவறவிட்டு அடுத்த ரயிலில் வந்தாள். அன்று அவள் சோறு சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, நான் செய்வது சரிதான் என்று நினைத்தேன்.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. அவளிடம் போன் இல்லாத அந்த நாளில் நானும் என் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவேன். அவளுக்கு மறுக்கும் ஒன்றை நான் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று நினைத்தேன். போன் கையில் இருந்தால் யாரையாவது கூப்பிட்டு அவளைத் தேடச் சொல்லிவிடுவேன் என்ற பயமும் இருந்தது. இந்த விதியை நான்தான் போட்டேன். அவள் கேட்கவில்லை, அவளிடம் நான் சொன்னதும் இல்லை.

இன்று காலை அவள் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். படியில் நின்று, “மழ வருமாம்மா?” என்று கேட்டாள். “குடை எடுத்துக்கோ மக்களே” என்றேன். அதன் பிறகு போனை அணைத்தேன். அதன் பிறகு மாலை வரை மெய்ப்புப் பார்த்தேன். மதியத்துக்கு மேல் நல்ல மழை பெய்தது. வெளிச்சம் குறைந்து எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். அப்போதும் அவள் வராததால் விதியை மீறிப் போனைப் போட்டேன். தெரியாத ஒரே எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்திருந்ததாகச் செய்திகள் வந்தன. மூன்றும் மதியத்துக்கு மேல் வந்தவை. உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

எடுத்தவர் பெயர் வேலாயுதன். பொன்முடி மலையடிவாரத்தில் கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கிறார். போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவர் என்பதால் தமிழ் பேசினார். “கொச்சு மூணு வட்டம் விளிச்சுது. மூணு வட்டமும் சுவிச்சோஃப். மோள மலைக்கு விட்டுட்டுப் போன ஓஃபாக்கி வைக்கிறதுக்கு நீங்க என்ன சினிமாக்கு போயிருந்தீங்களா?” என்று கேட்டார். மேலே சாலையில் மரம் விழுந்து பொன்முடியிலிருந்து பேருந்துகள் இறங்கவில்லை என்றும், அதற்கு முன் இறங்கிய பேருந்தில் வந்த என் மகள் வளைவுகளில் வாந்தி வந்ததால் கல்லாற்றிலேயே இறங்கிவிட்டாள் என்றும் சொன்னார். அடுத்த பேருந்து வராது என்று தெரிந்ததும் அவருடைய போனை வாங்கி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். கீழே இருக்கும் விதுரா ஊர் வரை ஜீப்பில் ஏற்றி விடுகிறேன் என்று அவர் சொன்னதற்கு மாட்டேன் என்றிருக்கிறாள். “தெரியாத வண்டியில ஏறப்படாதுன்னு அம்ம சொல்லியிருக்காம். நல்ல அம்ம” என்றார் வேலாயுதன். அதன் பிறகு அவள் குடையை விரித்துக்கொண்டு விதுரா பக்கமாக நடந்து போனதாகவும், கடையில் கூட்டம் இருந்ததால் அவரால் பின்னால் போக முடியவில்லை என்றும் சொன்னார். “ஆத்துல வெள்ளம் கேறியிருக்கு. அந்திக்கு மேல அந்த ரோட்டுல ஆனை எறங்கும். நீங்க போலீஸ்ல பறயுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ராகேலுக்கு நீந்தத் தெரியாது. அடுத்த வருடம் கற்றுக்கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஆட்டோ பிடித்து இந்த நிலையத்துக்கு வந்தேன். வரும் வழியில் கொச்சியில் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் வேலை செய்யும் என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அவளுக்குத்தான் போன் கிடையாது. நீயும் எதுக்கு ஓஃப் பண்ணி வச்ச?” என்று கேட்டார். நியாயம் வேண்டாமா என்றுதான் அணைத்தேன் என்றேன். உடனே கிளம்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போது ரயிலில் வந்துகொண்டிருக்கிறார்.

மகளுக்கு வேறு யாருடைய எண் மனப்பாடமாகத் தெரியும் என்று மேடம் கேட்டார். என் எண் மட்டும்தான் என்றேன். அவளுடைய தோழிகள் யார் என்று கேட்டார். நூலகத்தில் பார்க்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் வீடு எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டாருடன் பழக்கம் உண்டா என்று கேட்டார். சிரிப்பதோடு சரி என்றேன். என் மகள் யாரையும் நம்பி இருக்கக் கூடாது என்று வளர்த்தேன். அவள் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் எண்ணைத்தான் விட்டு வைத்திருக்கிறேன் என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேடம் விதுரா நிலையத்தைக் கூப்பிட்டார். கல்லாற்றிலிருந்து விதுரா வரை சாலையில் ஜீப் போய்ப் பார்த்தது, அப்படி ஒரு பெண் இல்லை என்று பதில் வந்தது. ஒரு கறுப்புக் குடை கிடந்ததாகவும் சொன்னார்கள். மேடம் அதை என்னிடம் சொல்வதற்கு முன் ஒரு காவலரை அழைத்து எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடைக்கு எந்த மாதிரிப் பிடி என்று கேட்டேன். மரப்பிடி என்றார்கள். எங்கள் குடைக்குப் பிளாஸ்டிக் பிடி. இதை நான் மூன்று முறை சொன்னதாக மேடம் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு மேடம் பேனாவை வைத்துவிட்டு, “சேச்சி, கொச்சுக்குப் பயம் வந்தா எங்க போவும்? சர்ச்சுக்கா, அம்பலத்துக்கா, எங்க?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “நீங்கதானே டீச்சர்? நீங்க படிப்பிச்சதத்தானே அது செய்யும்?” என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. இரண்டு வருடம் முன் என் அம்மா மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது நானும் ராகேலும் அங்கே கூட இருந்தோம். ஒரு நாள் அவளிடம், தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டால் அரசு ஆஸ்பத்திரியைத் தேடிப் போய்ப் பெண்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள், அங்கே வெளிச்சம் இருக்கும், யாருக்காக வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். பாடமாக இதைச் சொல்லவில்லை. பொழுது போகாமல் சொன்ன பேச்சு. மேடம் உடனே மறுபடி விதுராவைக் கூப்பிட்டு, அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு வராந்தாவைப் பார்க்கச் சொன்னார்.

பதில் வரும் வரை எழுதியவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார். “பிள்ளைக்குத் தான் கொஞ்சம் குறைவாகத் தேவைப்படும்படி” என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அப்படியே இருக்கட்டும் என்றேன். என் போனை முழுச் சார்ஜில் மேசைமேல் வைத்திருந்தேன்.

சற்று முன் போன் அடித்தது. விதுராவிலிருந்து ஒரு பெண் காவலர் பேசினார். ஆஸ்பத்திரி வராந்தாவில், பிரசவத்துக்கு வந்த ஒருத்தியின் உறவினர்களோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள் என்றும், அவர்கள் கொடுத்த பன்னை இன்னும் சாப்பிடாமல் கையில் வைத்திருக்கிறாள் என்றும் சொன்னார். அதன் பிறகு போனை அவளிடம் கொடுத்தார்.

“நான் ராகேல்” என்றாள், எனக்குத் தெரியாதது போல.

எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதன் பிறகு, “நீங்க எங்கம்மா போயிருந்தீங்க?” என்று கேட்டாள்.

“வீட்டுலதான் இருந்தேன்” என்றேன்.

பின்னால் யாரோ ஒரு நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிடுவது கேட்டது.

“பின்ன ஏன் எடுக்கல?” என்றாள்.

நான் அங்கே வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இதையும் எழுத வேண்டுமா என்று மேடம் கேட்டார். எழுதச் சொன்னேன். மகளை அழைத்து வர இப்போது காவல் வாகனத்தில் விதுராவுக்குப் போகிறேன்.

மேலே எழுதியிருப்பவை யாவும் நான் என் வாயால் சொன்னவை. எழுதிய பிறகு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ஷீனா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
ஆர்ஷா, உதவி ஆய்வாளர்