கைப்பிடி இல்லாத கோப்பை

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து நீங்கள் இருவரும் எதுவும் சாப்பிடவில்லை என்று முகமே சொல்கிறது. நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

என் வேலை, நின்று பார்ப்பது. நாரிச் நகரின் பழைய தெருக்களில் அஸ்திவாரம் தோண்டினால், தொல்லியல் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பழையது ஏதாவது தென்பட்டால் கையைத் தூக்குவேன். பொக்லைன் நிற்கும். படம் எடுத்து, குறித்துக்கொண்டு, கையை இறக்குவேன். இருபத்தாறு வருடம் இப்படி நின்றாயிற்று. ஒரு குழியைக்கூட நானே அடிவரை தோண்டியதில்லை.

போன வருடம் ஆற்றங்கரை மனையில் ஒரு செங்கல் கழிவுக்குழி வந்தது. முந்நூறு வருடத்துக் கக்கூஸ்தானே என்று சிரிக்காதீர்கள். வீட்டில் உடைந்தது, ஒளித்தது, வெட்கப்பட்டது எல்லாம் அங்கேதான் விழும். டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் கோப்பைகள், முழுசாக. கையைத் தூக்கினேன். மேற்பார்வையாளர் கேவின் வந்து எட்டிப் பார்த்தார்.

"முக்கா மணி நேரம் தர்றேன், பிரிஜிட். கான்கிரீட் லாரி வாசல்ல நிக்குது."

படம் எடுக்கத்தான் நேரம் இருந்தது. பிறகு ஊற்றினார்கள். கோப்பைகளுக்குள் கான்கிரீட் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் விசாரிக்கிற இந்தப் புது மனையில் பொக்லைன் ஓட்டியவர் நெவில். நல்ல மனிதர். தினமும் ஒரே கேலி.

"என்ன கண்ணு, டைனோசர் கெடச்சுதா?"

"ஒன்னத் தவிர ஒண்ணும் கெடைக்கல."

சிரித்துக்கொண்டே தன் சாண்ட்விச்சில் பாதியை நீட்டுவார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "கண்ணாடிய நான் நம்புறதில்ல. ஒன் கையத்தான் நம்புறேன்" என்பார்.

அந்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, மண்ணைச் சுரண்டிய இடத்தில் செங்கல் வளைவு ஒன்று தெரிந்தது. கழிவுக்குழியின் மூடி. குதிகாலால் தட்டினேன். அடியில் வெற்றிடம். பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்தேன். பிறகு பூட்ஸால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

யோசித்துப் பாருங்கள். கையைத் தூக்கினால் முக்கால் மணி நேரம். விபத்து என்றால் மாதக்கணக்கில் வேலை நிற்கும். வண்டியின் பின்பக்கம் சற்றுச் சாயும், நெவிலுக்கு முழங்கை சிராய்க்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"பின்னால ஒண்ணும் இல்லயே, கண்ணு?"

"இல்ல. வா, வா. இன்னும் வா."

கையசைத்துக் கூப்பிட்டேன். வந்தார்.

குழி நான் நினைத்ததைவிட ஆழம். அடியில் தண்ணீர் வேறு. அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'செங்கல் கழிவுக்குழி, பதினெட்டாம் நூற்றாண்டு. மேல்வளைவு முன்னரே பலவீனமாக இருந்தது.' அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் உடலையும் வண்டியையும் வெளியே எடுத்த பிறகு, சுவர் எப்படிச் சரிந்தது என்று தெரிய வேண்டுமென, அடிவரை தோண்டித் தரும்படி உங்கள் போலீஸ் அலுவலகமே என்னைக் கேட்டது. ஐந்து வாரம். யாரும் அவசரப்படுத்தவில்லை. முப்பத்தெட்டுப் பாத்திரங்கள், ஒரு குழந்தையின் ஷூ, எலும்புச் சீப்பு ஒன்று. சீப்பின் பற்களில் முடிகூட இருந்தது.

அந்தப் பத்தரை மணிப் படத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால்தான் வந்திருக்கிறீர்கள். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்களே. எடுத்த படத்தை அழிப்பது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத காரியம். நான் ஒருநாளும் செய்ததில்லை.

ஆமாம், தெரிந்துதான் கூப்பிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு குறை. நீலப் பூ போட்ட கோப்பை ஒன்று, அதன் கைப்பிடி மட்டும் காணோம். மண்ணையெல்லாம் இரண்டு தடவை சலித்துவிட்டேன். நெவிலின் உடுப்போடு போயிருக்கலாம். அவர் மனைவியிடம் நீங்களே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். நான் போய்க் கேட்டால் பாவம், அவள் மனசு கஷ்டப்படும்.