ஓடாத பம்ப்போட பேரிங்

கதவைச் சாத்திட்டு உக்காருங்க மாப்ள. தங்கச்சி புருஷன் என் ரூமுக்கு வந்து கைகட்டி நிக்கறதாவது! பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஐயோ, அந்த மோட்டார் மேல வேணாம், கிரீஸ் ஒட்டிக்கும். நாற்காலியை இழுத்துப் போடுங்க.

ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? அட, வெளியில என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்கும்தான் தெரியும். காலையில ஓடிக்கிட்டிருந்த பம்ப்பை ரிப்பேருக்கு நிறுத்திட்டு ஸ்பேர் பம்ப்பைப் போட்டாங்க. கொஞ்ச நேரத்துல பேரிங் கதறிட்டு இறுகிப்போச்சு. பாய்லருக்குத் தண்ணி இல்ல, மொத்தப் பிளான்ட்டும் படுத்துடுச்சு. அந்த பேரிங்கை மாட்டின ஃபிட்டர் யாரு? நம்ம மாப்ள. பக்குவமா சூடு பண்ணி ஏத்தாம, சோம்பேறித்தனத்துல சுத்தியால அடிச்சு ஏத்திட்டான்னு ஆளாளுக்கு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசறாங்க. அப்படித்தானே?

சத்தியமெல்லாம் எதுக்கு? நீங்க அடிக்கல. எனக்கு நல்லாத் தெரியும்.

இப்படி வாங்க, ஸ்கிரீனைப் பாருங்க. இது நீங்க மாட்டி முடிச்சு ட்ரயல் ஓட்டின அன்னிக்கு நான் மீட்டர் வெச்சு எடுத்த அதிர்வு கிராஃப். எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா? அடிச்சு ஏத்தின பேரிங்னா அன்னிக்கே காட்டிக் கொடுத்திருக்கும். அடிச்சா உள்ள குழி விழும், அந்தக் குழி மேல பேரிங் குண்டு ஏறி இறங்கறப்பல்லாம் ஒரு தட்டு தட்டும், அது இங்க முள்ளு முள்ளா நிக்கும். இதுல ஒரு முள்ளு காட்டுங்க பாப்போம்! கை சுத்தம் மாப்ள உங்களுக்கு. தொழில்ல உங்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் எப்படிக் கெட்டுச்சா? சும்மா நின்னே கெட்டுச்சு. பக்கத்துப் பம்ப்பு ஓடுதில்ல, தரையே அதிருது. நான் போன மாசம் நிக்கற பம்ப்பு மேல மீட்டரை வெச்சுப் பாத்தேன். ஓடற பம்ப்பு என்ன வேகமோ அதே வேகத்துல இது நடுங்கிக்கிட்டு நிக்குது. உள்ள இருக்கற குண்டெல்லாம் உருளாம, ஒரே இடத்துல குந்திக்கிட்டு இடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கிரீஸ் ஒதுங்கி குழி விழுந்துடுச்சு. அதுக்குத்தான் வாரா வாரம் பம்ப்பை மாத்தி மாத்தி ஓட்டணும்னு தலைப்பாடா அடிச்சுக்கறது. உற்பத்தி குறையும்னு மேனேஜர் தள்ளித் தள்ளிப் போட்டாரு. தப்பு முழுக்க அவரோடது.

பாருங்க, இப்பத்தான் முகத்துல ரத்தமே வருது! சிரிங்க, நல்லாச் சிரிங்க. கையெல்லாம் பிடிக்க வேணாம், விடுங்க. தெய்வமா? நானா? நல்லா இருக்கே!

ரிப்போர்ட்டா? அது அப்பவே போயிடுச்சே. ஃபிட்டர் சுத்தியால அடிச்சதுல பேரிங் கெட்டுச்சுன்னு எழுதிட்டேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்லு.

உக்காருங்க மாப்ள. கத்தினா வெளியில கேக்கும். ஆமா, ஸ்கிரீன்ல இருக்குதான். இந்த அதிர்வைப் படிக்கத் தெரிஞ்சவன் இந்தப் பிளான்ட்டுல நான் ஒருத்தன்தான், ஆனா வெளியாள் யாராவது வந்து பாத்துட்டா வம்பு, அதுவும் சரிதான். இருங்க. கடைசியா ஒரு தடவை பாத்துக்கறீங்களா? ம். இதோ, அழிச்சாச்சு.

இனி உங்களை எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான். பேரிங்கை அடிச்சு ஏத்தறவன்ங்கற பேரு நீங்க போறதுக்கு முன்னாடி அடுத்த கம்பெனிக்குப் போயிடும். பத்து வருஷமா சேத்த பேரு, பாவம்.

எனக்கு நீங்க என்ன பண்ணினீங்கன்னா கேக்கறீங்க? ஒண்ணும் பண்ணலையே. தங்கச்சிகூட இப்பத்தான் ஃபோன்ல அழுதா. அவரு நல்லவருண்ணா, எப்படியாவது காப்பாத்திடுண்ணான்னு ஒரே அழுகை. சரிம்மான்னேன். வயித்துக்கு அவளுக்கு நான் இருக்கேன், அந்தக் கவலை உங்களுக்கு வேணாம்.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தா. இடது பக்கம் நின்னு கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. வலது பக்கம் வந்து மெதுவாக் கூப்பிட்டேன், என்னண்ணான்னா. கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேங்கறா. டாக்டர் பாத்துட்டு, இது விழுந்து வந்தது இல்ல, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வாங்கினதுன்னுட்டாரு. அப்பவும் இவ விழுந்தேன்னே சாதிக்கறா.

கிளம்புங்க, மேனேஜர் காத்துக்கிட்டிருக்காரு. ஏதோ தாள்ல கையெழுத்துப் போடச் சொல்வாரு. உங்களுக்கு வலது கைப் பழக்கம்தானே மாப்ள? அதான் இடது காது.