பகலில் தெரியாத தீ

அம்பாசமுத்திரம் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு பெரியவர் மடியில் புதுத் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"காலையிலேயே வாரியல்லயா முழிக்கணும் அண்ணாச்சி?"

"எங்க கம்பெனிக்கு வே. மொத்தமே எட்டுப் பேரு. ஆத்துத் தண்ணியச் சுத்தம் பண்ணி, கரண்டு விட்டு ஹைட்ரஜன் பிரிச்சு ஆராய்ச்சி பண்ணுதோம்."

"அதுக்கு வாரியல் எதுக்கு?"

"வாயு கசிஞ்சு பத்திக்கிட்டா, பகல்ல அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. வாரியல முன்னால நீட்டிக்கிட்டுப் பைய நடப்பேன். நுனி பத்துனா அங்கன தீ."

"புகை வராதா?"

"வராது. ஒருநாள் சோதனைக்கு எரிச்ச தீ மேல சில்வர் தம்ளரக் கவுத்துப் பிடிச்சேன். உள்ள வேர்த்து நிக்கி. தண்ணி வே! தீயிலருந்து திரும்பத் தண்ணி!"

பெரியவர் இறங்கியதும், அவர் மறந்துவிட்டுப் போன வாரியலை முகம் சுளித்தவரே எடுத்து, ஜன்னல் வழியே இரண்டு கையாலும் நீட்டினார்.