நாலாவது நட்டு

— அது பன்னெண்டு அண்ணாச்சி. நான் கேட்டது பதினாலு. ஸ்பேனர் மேலயே எழுதியிருக்கும், பாத்து எடுங்க.

— எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கு. ஏட்டி வெயிலு, ஜீப்புக்கு அடியில படுத்துக்கிட்டு எனக்குப் பாடமா எடுக்குத? இந்தா, பிடி. மூணு மணிக்குள்ள நாம கோவில்பட்டி யூனியன் ஆபீசுல நிக்கணும்.

— பொறுங்க அண்ணாச்சி. அவசரப்பட்டு முடுக்குனா மரை போயிரும்.

— மூணு மணி தாண்டிட்டா மனு வாபஸ் கிடையாதுன்னு ஆபீசுல சொல்லிட்டான். நீயே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்ங்கான்.

— தெரியும். பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்குதது ரெண்டே பேரு. ஒண்ணு இந்த வெயிலுகந்தம்மா. இன்னொண்ணு ஒங்க வீட்டுக்காரி முத்துசெல்வி. நான் விலகிட்டா அவ போட்டியில்லாம தலைவர்.

— ஆமா. என்ன தப்பு?

— அவ தலைவர்னா நீங்கதான தலைவர்!

— பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டான், நான் என்ன செய்ய? இம்புட்டு வருசமா ஊர்க்காரியம் பாத்த இசக்கிபாண்டி வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கணுமா? முத்துசெல்விக்கு என்ன பெரிய வேலை? நான் காட்டுத எடத்துல கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். அத விடு. நேத்து நீ சரின்னியா இல்லியா?

— வண்டி கெளம்புனா வாரேன்னு சொன்னேன். வண்டி கெளம்பணும்லா. ஆமா, ஒங்க புதுக் காரு எங்க?

— அத ஏன் கேக்க! ஒன்னய ஏத்திக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். தாண்டுமான்னு பாக்க மொதல்ல ஓடைக்குள்ள எறக்குனேன். பின் வீலு மாவாட்டுத மாதிரி சுத்துது, காரு நவுர மாட்டேங்கு. வயிறு வரைக்கும் உக்காந்துட்டு. எறங்கி நடந்தா, செருப்பு ரெண்டையும் கரிசல் முழுங்கிட்டு.

— ரெண்டு வீல்ல இழுக்குத வண்டிக்கு நனைஞ்ச கரிசல் கட்டுப்படாது அண்ணாச்சி. நாலு வீலும் சேந்து இழுக்கணும். அதுக்குத்தான் இந்த முன் ஷாப்டு. இது மாட்டலேன்னா என் ஜீப்பும் ஒங்க காருக்குப் பக்கத்துல போயி உக்காந்துக்கிடும்.

— அத எதுக்கு இன்னைக்குப் பாத்துக் கழட்டுன?

— டொக்கு டொக்குன்னு சத்தம் குடுத்துச்சு. சேத்துத் தண்ணிக்குள்ள போயிட்டு வந்தா உடனே கழுவிக் கிரீஸ் வைக்கணும். பழைய வண்டி, நாளைக்குப் பாப்போம்னு விட்டா, நாளைக்கு நட்ட நடுக் காட்டுல பழி வாங்கிரும்.

— சேத்துக்குள்ள எங்க போயிட்டு வந்த? ஆமா, பானட்டு வேற சுடுதே!

— விடியக்காலம் ஒரு பொம்பளைய டவுனுக்கு ஏத்திக்கிட்டுப் போனேன். இப்பத்தான் வந்தேன்.

— பேறுகாலமா?

— அப்படித்தான் வச்சுக்கிடுங்க. ரொம்ப நாளா சுமந்துக்கிட்டு இருந்தா. எறக்கி வச்சுட்டு வந்துட்டா. அது கெடக்கட்டும், மதினி எங்க?

— முத்துசெல்வியா? கயத்தாத்துல அவ அம்மா வீட்டுக்கு. நான் எந்திரிக்க முந்தியே போயிட்டா. மொத பஸ்சுக்குப் போயிருப்பா.

— ஆமாமா, மொத வண்டியிலதான் போனா. அண்ணாச்சி, மூணு நட்டு ஏறிட்டு. நாலாவத எடுங்க.

— செரட்டையில ஒண்ணும் இல்லியே.

— நாலு நட்டு எண்ணிப் போட்டேன். நீங்க கால மாத்தி நிக்கையில தட்டி விட்டுட்டீங்க.

— நானா?

— பின்ன, ஆடா தட்டுச்சு? ஆடெல்லாம் எங்க வீட்டுக்காரவியளோட பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கிடையில கெடக்கு. குனிஞ்சு கையால துழாவுங்க. ஒங்க காலுக்கடியிலதான் எங்கனயாவது இருக்கும்.

— வேட்டியெல்லாம் சேறாகுது. மூணு நட்டோட ஓட்டிட்டுப் போயிரலாமே?

— போகலாம். ஓடைக்கு நடுவுல ஷாப்டு கழண்டு மண்ணுல குத்திச்சுன்னா வண்டி தூக்கி அடிக்கும். நான் ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கிடுவேன். நீங்க எதப் பிடிப்பீங்க?

— வேண்டாம், வேண்டாம். தேடுதேன். நான் சொல்லுதத கேளு தாயி. ஒனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? பேசாம வந்து விலகிரு. இந்த ஜீப்புக்கு நாலு புது டயரு என் செலவு.

— போன தடவ ஓடைக்குப் பாலம்னீங்க. இந்தத் தடவ எனக்கு டயரா? பாலத்தப் போட்டிருந்தா நான் எதுக்குப் பல்லுக் கடிச்சுக்கிட்டு ஃபோர்வீல் போடப் போறேன்?

— இன்னும் அந்தப் பாலத்தையே சொல்லுத! ஃபண்டு வரல.

— ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடு வந்துச்சே, அது எந்த ஃபண்டு?

— ஏட்டி, வாய அடக்கிப் பேசு. வண்டி பேப்பர் ஒம் புருசன் பேருல கூட இல்ல, தெரியும்லா? ஒரு வார்த்தை சொன்னா போலீஸ்காரன் வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிருவான். கண்மாய்க்குள்ள ஒங்க ஆடு ஒண்ணு கூட வாய் வைக்க முடியாது.

— டயருன்னா தாயி, கோவம் வந்தா ஏட்டி! சொல்லுங்க அண்ணாச்சி, தாராளமாச் சொல்லுங்க. பிடிச்சுக்கிட்டுப் போக வாரவன் ஓடையத் தாண்டி வரணும்லா, எந்த வண்டியில வருவான்? என் ஜீப்பத்தான் கூப்பிடணும்.

— திமிரு!

— திமிருதான். அவிய ஆட்டுக் கிடைக்கு வேலிப் படல் ஏத்துததுக்கு மிலிட்டரி ஏலத்துல எடுத்த வண்டி இது. அவிய ஆட்டோட போயிட்டா சும்மா நிக்குதேன்னு நான் ஓட்டப் படிச்சேன். பொட்டச்சி ஜீப்பு ஓட்டுதான்னு ஒங்க கடை பெஞ்சுல உக்காந்து ஊரே சிரிச்சுது. நீங்களுந்தான் சிரிச்சீங்க. அப்புறம் அடமழையில சிரிச்சவிய வீட்டுலயெல்லாம் இடுப்பு வலி வந்துச்சு. யாரு கதவத் தட்டுனாவ? என் கதவத்தான். ஒருத்தி வீட்டுக்காவது வரமாட்டேன்னு சொன்னேனா?

— நல்லதுதான் செஞ்ச. யாரு இல்லேன்னா?

— ஒங்க மக ப்ரியதர்ஷினி எங்க பொறந்தா அண்ணாச்சி?

— அது எதுக்கு இப்ப?

— இந்தா, இந்தப் பின் சீட்டுல. ஓடைக்கு நடுவுல. லோ கியர்ல வண்டி முனகுது, அங்க மதினி முனகுதா. நான் ஒரு கையில ஸ்டேரிங்கும் ஒரு கையில அவ கையுமாப் பிடிச்சுக்கிட்டே கரையேத்துனேன். நீங்க டவுன்ல மேடை போட்டு மாலை வாங்கிக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்குச் சீட்டுல பட்ட கறை இன்னும் போகல. நானும் மாத்தல.

— அதுக்குத்தான் ஒனக்குச் சேலை எடுத்துக் குடுத்தோம்லா.

— மதினி எடுத்துக் குடுத்தா. நீங்க அந்த ஓடையில பாலங்கட்டிக் குடுத்திருக்கணும். அது ஒங்களுக்குத் தோணவே இல்ல பாத்தீங்களா, அதுக்குத்தான் நான் நிக்குதேன். ஒங்க மேல எனக்கு வேற பகை கெடையாது.

— சரி, சரி. நட்டு சிக்குதா பாரு. அர மணி நேரமாத் துழாவிக் கையெல்லாம் மண்ணாப் போச்சு... அங்க என்ன சத்தம்?

— மில்லு சங்கு. மூணு மணி சிப்டுக்கு ஊதுதான்.

— போச்சு! எல்லாம் போச்சு! ஒத்த நட்டு, ஒரே ஒரு பாழாப்போன நட்டு...

— இந்தாங்க.

— எங்க கெடந்துச்சு?

— என் மடியில.

— அடிப்பாவி! நாய் தோண்டுத மாதிரி என்னயத் தோண்ட விட்டுட்டு... சரி. நின்னுக்கோ. எலெக்சன்ல பாத்துக்கிடுதேன். முத்துசெல்விக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடா நான் போவேன்.

— எலெக்சன் கெடையாது அண்ணாச்சி.

— ரெண்டு பேரு நிக்கும்போது எப்படிக் கெடையாது?

— ஒருத்தி விலகிட்டா.

— நீதான் விலகலையே!

— நான் விலகல. விடியக்காலம் ஒரு பொம்பளைய ஏத்திக்கிட்டுப் போனேன்னு சொன்னேன்லா? ஆபீசு தொறக்குத வரைக்கும் ரெண்டு பேரும் ஜீப்புலயேதான் உக்காந்திருந்தோம். மூணு மணிக்கு முந்தி ஒங்க காதுக்குப் போயிருந்தா, அங்கன இருக்க ஒங்க ஆள விட்டு அந்த வாபஸ் தாளக் கிழிக்கச் சொல்லியிருப்பீங்க. இந்நேரம் போட்டியில்லாம நான்தான் தலைவர்னு போர்டுல ஒட்டியிருப்பாவ.

— என்ன ஒளறுத? அவ கயத்தாத்துல இருக்கா!

— ஏட்டி முத்துசெல்வி! சங்கு ஊதிட்டு, வெளிய வா. அண்ணாச்சிக்குக் கை கழுவத் தண்ணி கொண்டா.

— இந்தா வாரேன் யக்கா. ஏங்க, கையக் காட்டுங்க, ஊத்துதேன். நகத்துக்குள்ளயெல்லாம் சேறு.

— முத்துசெல்வி... நீயா? நீயா விலகுன?

— நாந்தான்.

— ஒன்னய நிக்க வச்சது நானு! யாரக் கேட்டுட்டி கையெழுத்துப் போட்ட?

— கையெழுத்துப் போடுததுதான் என் வேலைன்னு நீங்கதான சொன்னீய? போட்டுட்டேன். எந்த எடத்துலங்கத மட்டும் நான் பாத்துக்கிட்டேன்.