பூங்கா வேண்டுமா, கால்வாய் வேண்டுமா

“அக்கா, நாங்க வீடு வாங்கலாம்னு இருக்கோம். எந்தப் பக்கம் வாங்கினா நல்லது?”

“காத்தோட்டமா வேணுமா, கடை கண்ணி பக்கத்துல வேணுமா?”

“ரெண்டும் வேணும். விலையும் கம்மியா இருக்கணும்.”

“அப்படின்னா இந்த பூமியில கிடைக்காது. வேற கிரகத்துல பாரு.”

“போக்கா. ஊரையே வரைஞ்சு வெச்சிருக்கறவ நீ. சொந்தத் தங்கச்சிக்கு ஒரு மூலையை ஒதுக்க மாட்டியா?”

வீடு வாங்க நினைக்கிறவர்கள் ஒருமுறையாவது என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். இந்தப் புறநகரின் நகராட்சியில் திட்டப் பிரிவுக்கு நான் பொறுப்பு. எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் கடை வரலாம், எது பள்ளிக்கூடத்துக்கு, எது சும்மா கிடக்க வேண்டும் என்று வரைபடத்தில் நிறம் தீட்டி வைப்பது என் வேலை. ஆகவே தங்கை கேட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, நான் நறுக்கி வைத்த வெள்ளரித் துண்டுகளை வாயில் போட்டுக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவள் குழந்தை கூடத்தில் என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பொறு,” என்றேன். “புதுத் திட்டம் போட்டுட்டு இருக்கோம். நல்ல இடமாப் பார்த்து நானே சொல்றேன்.”

சொன்னபடியே சொன்னேன். மேடம், இந்த விசாரணையில் நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை.

நேற்று முழுவதும் லஞ்சத்தைப் பற்றியே கேட்டீர்கள். மனை விற்றவர் எனக்கு என்ன செய்தார், யார் மூலமாகச் செய்தார் என்று. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒருவரிடமும் நான் ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. இல்லாததைத் தேடி நீங்கள் களைத்துப்போவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. எனவே நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மா இறந்தபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குத் தலை பின்னியது, காய்ச்சலில் கண்விழித்தது, கணக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான்தான். எனக்கு வந்த வரன்களிடம், தங்கை படிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் காத்திருக்கவில்லை. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கை படித்தாள், வேலைக்குப் போனாள், அங்கே ஒருவரை விரும்பினாள். கல்யாணத்தை நான் நடத்தி வைத்தேன். நல்ல மனிதர். எதையும் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்.

அவள் வயிற்றில் குழந்தை இருந்தபோது கால் வீங்கிப் போகும். அலுவலகம் விட்டதும் நேரே அவளிடம் போவேன். என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். நான் பிடித்துவிடுவேன். அப்படி ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

“அக்கா, இது உன் பிள்ளை. மூத்தது உனக்கு, அடுத்தது எனக்கு. பொறந்ததும் உன் மடியிலதான் போடுவேன்.”

நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள். அதன் பிறகும் பலமுறை சொன்னாள், அவர் எதிரிலேயே. அவரும், “அண்ணி, அழுதா எழுந்து பார்க்கற வேலையும் உங்களுதுதான். அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக்கூடாது,” என்றார்.

என் வீட்டுக் கிழக்கு அறையைக் காலி செய்தேன். வரைபட மேசையை நடையில் தூக்கிப் போட்டேன். சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்தேன். தொட்டில் வாங்கினேன். ஜன்னலுக்குக் குழந்தைக் கை எட்டாதபடி உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி, தச்சர் இரண்டு முறை தவறாக வைத்து, மூன்றாவது முறை நான் பக்கத்தில் நின்று வைக்கச் செய்தேன்.

குழந்தை பிறந்தது. நான் பொறுமையாக இருந்தேன். கழுத்து நிற்கட்டும் என்று அவள் நினைக்கிறாள் போலும் என்று இருந்தேன். கழுத்தும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். கிழக்கு அறை வாசலில் தங்கை நின்றுவிட்டாள்.

“என்னக்கா இது, தொட்டில் எல்லாம்?”

நான் கையை நீட்டினேன். அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா, விளையாட்டுக்குச் சொன்னதை நெஜம்னு நெனச்சிட்டியா? பெத்ததை யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?”

சிரித்தாள். பின்னாலிருந்து அவரும், “அண்ணிக்குப் பொழுது போகலைன்னா ஒரு பூனை வாங்கிக் குடுத்துடலாம்,” என்றார். அவள் இன்னும் சிரித்தாள். நானும் சிரித்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை குறைவாக, அவளுக்குத் தூக்கலாக, எதுவும் மாறவில்லை.

கோபம் என்று எழுதாதீர்கள். கோபப்படுகிறவர்கள் சத்தம் போடுவார்கள். ஒரு பல் விழுந்துவிட்டால் நாக்கு அந்த இடத்தையே போய்ப் போய்த் தடவும், பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் இருந்தது. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். நாங்களும் விலகவில்லை. வாரம் தவறாமல் வந்தாள், போனாள். குழந்தை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடப் பழகினாள். வேறு பெயரில் கூப்பிட வேண்டியவள். செய்யும் சேட்டையைப் பார்த்து ‘வாலு’ என்று பெயர் வைத்தேன். அது ஒன்றுதான் நான் வைத்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இனித் திட்டத்துக்கு வருகிறேன்.

ஊரின் கிழக்கே ஒரு பெரிய பள்ளம். சுற்றியுள்ள மேட்டு நீர் எல்லாம் அங்கேதான் இறங்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் அந்தப் பக்கம்தான் எட்டிப் பார்க்கும். பழைய வரைபடங்களில் அதை நீலக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். வீடு கட்டக்கூடாத நிலம், தண்ணீர் வந்து தங்கிப் போவதற்கான நிலம் என்று பொருள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வரப்போவதை வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு சாலையை வரைந்துவிட்டால் சாலை இருப்பதாக வைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்கு நிறம் தீட்டுவோம். நான் அந்தப் பள்ளத்திலிருந்து ஆற்றின் கீழ்ப்பகுதி வரைக்கும் ஓர் அகலமான கால்வாயை வரைந்தேன். கால்வாய் இருந்தால் நீர் தங்காது. நீர் தங்காத நிலத்துக்கு நீலக் கோடு எதற்கு? மஞ்சள் தீட்டினேன். மஞ்சள் என்றால் குடியிருப்பு.

திட்டத்துக்கு ஒப்புதல் தரும் குழுவின் தலைவர், “கால்வாய் நிச்சயமா வந்துடுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ரெண்டாம் கட்டத்துல வந்துடும், சார்.”

“அப்ப சரி,” என்று கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

சட்டப்படி வரைபடத்தை நகராட்சிக் கூடத்தில் மாட்டி, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று அறிவித்தோம். தினமும் கூட்டம் வந்தது. ஒவ்வொருவரும் தன் மனையின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள். தன் தெரு எவ்வளவு அகலமாகிறது என்று பார்த்தார்கள். தனக்குச் சொந்தமில்லாத பள்ளத்தை யாரும் பார்க்கவில்லை. தங்கையும் ஒரு மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். “நீயும் ஒரு தடவை பாரேன்,” என்று நான் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

“எங்கக்கா போட்டதை நான் சரிபார்க்கணுமாக்கும்?” என்று டப்பாவைத் திறந்து வைத்தாள்.

அந்தக் குடியிருப்பை நீங்கள் தண்ணீர் வடிந்த பிறகுதான் பார்த்திருப்பீர்கள். முன்பே பார்த்திருக்க வேண்டும். நான் வரைந்தவற்றில் அதுதான் சிறந்தது. குழந்தைகள் சாலையைக் கடக்காமல் நடந்தே போகும்படி பள்ளிக்கூடம், பெண்கள் மாலையில் உட்கார்ந்து பேச நிழல் உள்ள நடைபாதை, சமுதாயக் கூடம், சின்ன நூலகம். எல்லா வீடும் தரைத்தளம் மட்டும்தான், மேலே சரிவான ஓட்டுக் கூரை, மாடிப்படி கிடையாது என்று விதி வைத்தேன். பார்வைக்கு அழகாக இருக்கும். வெளியூரிலிருந்து வந்து படம் எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு வீட்டுக்காக ஒரு குடியிருப்பைப் போட முடியாது. கூட மற்றவர்களும் வரத்தான் செய்வார்கள். அவர்களில் யாரையும் நான் அழைக்கவில்லை.

தங்கை அங்கே வீடு வாங்கினாள். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் ஆனாள். வாயாடி, வேறு யாரைப் போடுவார்கள்?

கால்வாய்க்கு விட்டிருந்த நிலம் முட்புதராகக் கிடந்தது. சமுதாயக் கூடத்தில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டேன். எங்கள் துறையில் அதற்கு நல்ல பெயர் உண்டு.

“இந்த நிலத்துல கால்வாய் வேணுமா, பூங்கா வேணுமா?”

“கால்வாய்னா திறந்து கிடக்குமா?” என்று ஒரு தையற்காரர் கேட்டார்.

“திறந்துதான் இருக்கும்.”

“கொசு வருமே!”

“வரும்.”

“அப்ப எங்களைக் கேக்கவே வேணாம். எங்க வீட்டுக்காரியைக் கடிக்கற கொசுவெல்லாம் கடைசியில என்னைத்தான் திட்டு வாங்க வைக்குது,” என்றார். கூடமே சிரித்தது. பின்வரிசையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, கால்வாயை எதற்காக முதலில் போட்டார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். அதற்குள் என் தங்கை எழுந்துவிட்டாள்.

“சார், உக்காருங்க. பிள்ளைங்க விளையாட இடமில்லாம ரோட்டுல ஓடுது. அக்கா, பூங்காதான் வேணும். கை தூக்குங்கப்பா எல்லாரும்!”

எல்லோரும் கை தூக்கினார்கள். வாத்தியாரும் கடைசியில் தூக்கினார். மேடம், மக்கள் கேட்டதைத்தான் நான் செய்தேன். பூங்காவில் ஊஞ்சல், சறுக்குமரம், வட்டமாகப் போட்ட பெஞ்சுகள். திறப்பு விழாவில் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு, “எங்கக்கா மாதிரி யாருக்கும் வராது,” என்றாள். அவள் உண்மையாகத்தான் சொன்னாள். தொட்டிலைப் பார்த்துச் சிரித்ததை அவள் மறந்தே போயிருந்தாள். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வலித்தது. சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், மறந்ததைத்தான் முடியவில்லை.

பிறகு மழைக்காலங்கள் வந்தன. சாதாரண மழையில் தெருவில் கணுக்காலளவு நின்று வடிந்துவிடும். நான் அவசரப்படவில்லை. மழை எச்சரிக்கை வந்தால் போதும், போய் வாலுவை அழைத்து வந்துவிடுவேன். கிழக்கு அறையில் இருப்பாள். இரண்டு நாள், மூன்று நாள். வானம் தெளிந்ததும் கொண்டுபோய் விடுவேன். இன்று காலை அவள் உங்களிடம், “மழை வந்தா பெரியம்மா வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க,” என்று சொன்னதாகவும், அதன் பிறகுதான் நீங்கள் லஞ்சக் கேள்வியை நிறுத்தியதாகவும் எனக்குத் தோன்றுகிறது. குழந்தை பொய் சொல்லமாட்டாள். நான் அப்படி வளர்க்கவில்லை.

அந்தக் காலையில் மேலே உள்ள ஏரியின் மதகுகளைத் திறக்கப்போகிறார்கள் என்று எங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. வெள்ளம் வரும் இடங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வரைபடத்தில் இன்னும் நீலக் கோடு உள்ள இடங்களுக்கு எல்லாம் ஆள் போனது. மஞ்சள் நிலத்துக்கு யார் போவார்கள்? நான் மட்டும் போனேன்.

தங்கை வாசலில் நின்று சிரித்தாள். “இன்னும் தூறலே விழல, அதுக்குள்ள வந்துட்டியா? மழை வரப்போறது முதல்ல தவளைக்குத் தெரியும், அடுத்தது உனக்குத்தான்.”

அவர் காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். “அண்ணி, காப்பி குடிச்சிட்டுப் போங்க,” என்று குரல் கொடுத்தார். தங்கை வாலுவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். தலை வாரிவிட்டாள். செருப்பை மாட்டிவிட்டாள். வாசல்வரை வந்தவள், என்ன தோன்றியதோ, கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“அக்கா, நாங்களும் வரட்டுமா? இவருக்கும் உடம்பு முடியல. உன் கையால சாப்பிட்டு ரெண்டு நாள் கெடந்துட்டு வர்றோமே.”

வா என்று ஒரு சொல் போதும். எனக்குத் தெரியும். குழந்தையின் கை என் கைக்குள் இருந்தது. சின்னக் கை, கொஞ்சம் பிசுபிசுப்பாக.

“காய்ச்சல்காரரை எதுக்கு அலைக்கழிக்கற? நீ இரு,” என்றேன். “நான் பார்த்துக்கறேன்.”

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஏறி நிற்க அங்கே மாடி இல்லை. தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது என்று முதல் நாள் சொன்னேன் அல்லவா? தெரியும். அதைக் கணக்கிடுவதும் என் வேலைதான். தங்கையையும் அவள் கணவரையும் நான்தான் கொன்றேன். மற்ற வீட்டுக்காரர்களைப் பற்றி நீங்கள் சொன்ன எண்ணிக்கையையும் நான் மறுக்கவில்லை. தையற்காரருக்காக வருத்தப்படுகிறேன். நல்ல நகைச்சுவை உள்ளவர்.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. வாலு அடுத்த அறையில் உங்கள் பெண் காவலரோடு இருக்கிறாள், பேச்சுக் குரல் கேட்கிறது. அப்பா வழியில் அவளுக்கு யாரும் இல்லை. என் வீடு மேட்டில் இருக்கிறது. அறை தயாராக இருக்கிறது. தாயில்லாத பெண்ணை வளர்த்துப் பழக்கமும் எனக்கு உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கொடுக்கிறேன் என்று சொன்னவள் கொடுப்பாள் என்றே இருந்துவிட்டேன். அது என் தப்பு. அதனால் இப்போது கேட்கிறேன்.

“மேடம், என் பிள்ளையை எங்கிட்ட குடுத்துடுங்க.”