பேச்சிராஜ் தொட்டியில் முடி

முடியா இது? நீயே சொல்லு. நான் கொண்டாந்த இந்த பாட்டில வெளிச்சத்துல புடிச்சி நல்லா பாரு. மீன் தொட்டியில இன்னாத்துக்குப்பா முடி மொளைக்குது?

பாசின்னு எனக்கும் தெரியும். பாசின்னா கல்லு மேல வழுக்கும். இது தொங்குது. பச்சையா, நீளமா, செடிக்கு செடி முடிஞ்சி வுட்ட மாதிரி... என் தலைல கூட இவ்ளோ கெடையாது.

நீ பாட்டுக்கு கடைக்கு வர்றவங்களுக்கு மீன் புடிச்சி குடு. காது இங்க இருந்தா போதும்.

போன வாரம் ஒரு கறுப்பு மீன குடுத்த. பாசிய தின்னு தீத்துடும் பெரியவரேன்ன. எங்க தின்னுது? கண்ணாடில வாய ஒட்டிக்கினு கெடக்குது. தீனி போட்டா மட்டும் மொத ஆளா ஓடியாருது. எங்க ஃபேக்டரில இப்பிடி ஒருத்தன் இருந்தான். கேன்டீன் பெல்லு மட்டுந்தான் அவன் காதுல வுழும்.

தொட்டி என்னுதா இருந்தா தூக்கி கொட்டிட்டு துளசி வச்சிருப்பேன். என்னுது இல்ல. அதான் இருங்காட்டுக்கோட்டைலேர்ந்து வெயில்ல பஸ் புடிச்சி வந்து உன் மூஞ்சிய பாத்துக்கினு நிக்கிறேன்.

பேச்சிராஜ்னு ஒருத்தன். நம்ம வூட்டு மாடி ரூம்ல வாடகைக்கு கீறான். சங்கரன்கோவில் பக்கம். கார் கம்பெனில வேல. கல்யாணத்துக்கு ஊருக்கு போயிக்கிறான். பொண்ணு பேரு வேல்விழி. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வரான். அவங்களுக்குன்னு பின்பக்கம் ஒரு போர்ஷன வெள்ளையடிச்சி வச்சிக்கிறேன். வந்ததும் அந்த பொண்ணு இன்னாத்த பாக்கணும்னு கேக்கும் தெரியுமா? பீச்ச இல்ல. இந்த தொட்டிய. நிச்சயம் ஆனதுலேர்ந்து போன்ல அவன் வேற எத பேசினான்? மாடிப்படில உக்காந்துகினு, "இன்னைக்கி ஒரு எல புதுசா விட்டிருக்கு"ம்பான். "ஆரஞ்சு மீனுக்கு ஒன் பேருதான் வச்சிருக்கேன்"ம்பான். கீழ நான் கெடக்கிறேன்னு நெனப்பே கெடையாது.

இப்ப அந்த ஆரஞ்சு மீன காணோம். சாவல. முடிக்குள்ள எங்கியோ கீது. அப்பப்ப வாலு தெரியுது.

அந்த பொண்ணுக்கு நான் வால காட்டறதா?

இன்னா செய்யலன்னு கேளு. தண்ணி மாத்தினேன். டூத் பிரஷ்ஷ வுட்டு நூடுல்ஸ் மாதிரி சுத்தி சுத்தி எடுத்தேன். கங்கம்மா பிரஷ்ஷு. கங்கம்மான்னா எங்க வூட்டுல. அவ அதுக்கு ஒரு ஆட்டம் ஆடினா, அது தனி கத. காலைல எடுத்தா சாயங்காலம் திரும்ப நிக்குது. சலூன்காரன் தோத்தான் போ.

ஊருக்கு போறப்ப பேச்சிராஜ் சொல்றான், "ஐயா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா பாத்துக்கிட்டாப் போதும்"னு. காலம்பூரா சூப்பர்வைசரா இருந்தவன்கிட்ட சொல்ற பேச்சா இது? "அந்த லைட்ட மட்டும் ஐயா..."ன்னு இன்னாவோ இழுத்தான். பஸ்ஸு போயிடும், கெளம்புடா, லைட்ட பத்தி எனக்கு சொல்றியான்னு அனுப்பிட்டேன்.

மாடில மீதி மூணு பசங்க. ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்டு. வரிசையா நிக்க வச்சேன். வேலைக்கி போறவன், வர்றவன்கிட்ட தொட்டிய ஒப்படைச்சிட்டுதான் செருப்பு மாட்டணும். ஷிஃப்ட்டு மாறச்சொல்ல ஒரு ஸ்பூன் தீனி. வனமாமலைன்னு ஒருத்தன், "இப்பதான ஐயா போட்டாங்க"ன்னான். அது போன ஷிஃப்ட்டு கணக்குடா, இது உன் கணக்குன்னேன். அவனுக்கு நைட் ஷிஃப்ட்டு. பகல்ல ஜன்னல சாத்திக்கினு தூங்குறான். தொட்டி வெளிச்சம் கண்ண குத்துதாம். மூஞ்சில துண்ட போட்டுக்கறான். இந்த காலத்து பசங்களுக்கு ஒடம்பு அவ்ளோதான்.

கரண்டா? கரண்டு எங்கப்பா கீது! வந்து எட்டி பாத்துட்டு போவுது. ஆனா தொட்டிக்கி ஒரு நிமிஷம் போவல, தெரியுமா? என் வூட்டு இன்வெர்ட்டர்லேர்ந்து மாடிக்கி ஒயர் இழுத்துட்டேன். கங்கம்மா இருட்டுல விசிறிய வச்சிக்கினு என்ன திட்டறா. திட்டட்டும். என் ஷிஃப்ட்டுல லைன் நின்னதே கெடையாது. பெரிய மானேஜர் வந்து சொன்னா கூட...

இன்னா? லைட்டு எவ்ளோ நேரமா?

எரியுது. இன்னா கேள்வி இது.

அணைக்கறதா? எப்ப அணைக்கறது? அதான் ஒருத்தன் போனா ஒருத்தன் வரானே.

...

மீனு தூங்குமா? கண்ண தொறந்துகினேவா?

...

செடிக்கும் ராத்திரி வேணுமா. சரி. மிச்ச வெளிச்சத்த யாரு தின்றது?

ஓ. இந்த முடிதானா.

மிச்ச தீனியயும்.

...

சிரிக்காத. சிரிக்கலயா? அப்ப மூஞ்ச அப்பிடி வச்சிக்காத.

மருந்து எதுனா... வேணாமா? கையால முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டு மூடி வச்சிடணும். போர்வையா? உள்ள வெளிச்சமே போவக் கூடாது. தீனியும் கூடாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள போயிடுமா?

பாதி போவும்ற. மீதிய பேச்சிராஜ் கேட்டா?

தோள குலுக்கறான் பாரு. கேட்டா நாந்தான் சொல்லிக்கணும்.

உன் போன குடு. என்னுதுல சார்ஜ் இல்ல. எல்லாம் தொட்டிக்கி போயிடுச்சி.

ஹலோ. வனமாமலையா? நாந்தான். எழுந்துரு. தொட்டி லைட்ட அணை... அணைடான்னா. கீழ என் கட்டில் மேல கறுப்பு கம்பளி கீது, எடுத்தாந்து மூடு. முழுசா. நில்லு, நில்லு, இப்ப மூடாத. நான் வந்து முடிய எடுத்துட்டு மூடலாம். தீனி டப்பாவ கங்கம்மாகிட்ட குடுத்து பூட்ட சொல்லு. இன்வெர்ட்டர் ஒயர புடுங்கி ஃபேனுக்கே குடுக்க சொல்லு... ஏன்னு கேப்பாளா? கேக்க வேணாம்னு சொல்லு.

ஆமாண்டா. லைன நிறுத்து.

நிறுத்திட்டியா?

...சரி. துண்ட எடுத்துட்டு தூங்கு.